ஊன்றுகோல்

(சுந்தரர் குருபூசையன்று ஆலய மண்டபத்தில் நம் மன்றத்தினரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று ஆடி மாதம், சுவாதி நட்சத்திரம். சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசை. வழக்கமாக இந்த நாளில் என்ன சொல்லுவோம்? கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் ஓலையோடு வந்து வழக்காடிய கதை. சிறு பிள்ளைகூட அதை ஒப்பிக்கும். இந்த வருடம் நான் வேறோர் இடத்தைச் சொல்லப் போகிறேன். அதைச் சொன்னால் என் வீட்டுக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். அதனால் முதலில் அம்மாவிடம் கேட்டேன். "சொல்லுடா, நாலு பிள்ளைங்களுக்கு உதவுனா சரிதான்" என்று சொல்லிவிட்டார். இதோ தூண் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

கண் போன பிறகு நடந்த வழி

சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்தார். பிறகு திருவாரூர் நினைப்பு வந்தது. சத்தியத்தை மீறிக் கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விட்டன.

இவர் யார்? தம்பிரான் தோழர். கூப்பிட்ட குரலுக்கு இறைவனே வந்து நின்ற ஆள். அவருக்குக் கண் போச்சு. பாடினார். உடனே பார்வை வந்ததா? வரவில்லை. பார்வையில்லாமலே நடந்தார். திருவெண்பாக்கம் என்ற தலத்துக்கு வந்து, "இங்கே கோயிலுக்குள் இருக்கிறீரா?" என்று கேட்டார். இறைவன் உள்ளே இருந்து பதில் கொடுத்தார். கையில் ஒரு கோலையும் கொடுத்தார். அதோடு சரி, கண்ணைக் கொடுக்கவில்லை.

அந்தக் கோலை ஊன்றிக்கொண்டு காஞ்சிபுரம் போனார். அங்கே இடக்கண் கிடைத்தது. இன்னும் நடந்து திருவாரூர் போனார். அங்கே வலக்கண் கிடைத்தது. திருவெண்பாக்கத்து இறைவனுக்கு ஊன்றீசுவரர் என்று பெயர். தமிழ்நாட்டில் சென்னைக்குப் பக்கத்தில் பூண்டியில் இருக்கிறது. பழைய இடம் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டதால் கோயிலை வேறு இடத்தில் எடுத்துக் கட்டினார்கள்.

நோய் வந்த நாளுக்கும் அது தீர்ந்த நாளுக்கும் நடுவில் ஒரு வழி கிடக்கிறது. அந்த நடுவழிக்கு இறைவன் கொடுத்தது ஊன்றுகோல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நம் ஊருக்கு வருவோம்.

கதவு அடைத்த காலம்

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். உங்களில் சிலர் அப்போது ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். சாலைத் தடுப்பில் போலீஸ், கூடவே இராணுவம். ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள். ஆலயக் கதவும் அடைத்தார்கள். மறுவருடம் 2021 தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பக்தர் கூட்டமே இல்லை. நாம் எல்லாரும் வீட்டிலேயே பால் வைத்துக் கும்பிட்டோம்.

கோவிட் வந்தவர்களைப் பற்றி அன்றாடம் தொலைக்காட்சியில் எண்ணிக்கை சொன்னார்கள். அந்த எண்ணிக்கையில் வராத ஒரு கூட்டம் இருந்தது. இனிப்பு நீர்க்காரர்கள், ரத்தக்கொதிப்புக்காரர்கள், வாரம் மூன்று தடவை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள், இருதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள். கோவிட் வராமலேயே அவர்கள் அடிபட்டார்கள்.

இது நம் நாட்டில் மட்டும் நடக்கவில்லை. 2020 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் 155 நாடுகளில் விசாரித்தது. 53 விழுக்காட்டு நாடுகளில் ரத்தக்கொதிப்பு சிகிச்சை பகுதியாகவோ முழுதாகவோ தடைப்பட்டிருந்தது. இனிப்பு நீர் சிகிச்சை 49 விழுக்காட்டு நாடுகளில். டாக்டர்களையும் தாதியரையும் கோவிட் வேலைக்கு மாற்றினார்கள். கூட்டம் சேரக்கூடாது என்று வழக்கமான அப்பாயிண்ட்மெண்ட்டுகளைத் தள்ளி வைத்தார்கள். அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளை ஒத்திப்போட்டார்கள். யாரையும் குறை சொல்லி இதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அப்படித்தான் செய்ய முடிந்தது.

ஆனால் நம் வீட்டைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நாட்டின் சுகாதார அமைச்சு 2019-இல் எடுத்த ஆய்வுப்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இந்தியர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால் மூன்றில் ஒருவரை நெருங்குகிறது. அப்படியென்றால் கிளினிக் அப்பாயிண்ட்மெண்ட் தள்ளிப்போவது எங்கேயோ யாருக்கோ நடக்கிற விஷயம் இல்லை. இந்த மண்டபத்தில் ஒவ்வொரு வரிசையிலும் நடக்கிற விஷயம்.

அம்மாவின் மருந்துப் பை

என் அம்மாவுக்கு அப்போது 58 வயது. இனிப்பு நீர் வந்து பன்னிரண்டு வருடம். காலையும் இரவும் மாத்திரை, படுக்கப்போகும் முன் ஊசி. ஏப்ரல் மாதம் அரசாங்க கிளினிக்கில் அப்பாயிண்ட்மெண்ட் இருந்தது. கிளினிக்கிலிருந்து போன் வந்தது. ஜூலைக்கு மாற்றியிருக்கிறோம், மருந்தை மட்டும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அம்மா சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை.

நான் எங்கே இருந்தேன்? நம் மன்றத்தோடு உணவுக்கூடை கொடுத்துக்கொண்டிருந்தேன். அரிசி, மைலோ, எண்ணெய், சார்டின். அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு தாமான் தாமானாகப் போனோம். படம் எடுத்துப் புலனக் குழுவில் போடுவேன். அம்மா ஒவ்வொரு படத்துக்கும் கும்பிடு போட்டு அனுப்புவார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அதே வீட்டில் மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கோவிட் வந்தால் ஆபத்து அதிகம் என்று தொலைக்காட்சியில் சொன்னதைக் கேட்டு அம்மாவுக்குக் கிளினிக் பக்கம் போகவே பயம். பிள்ளையை அனுப்பலாம் என்றால், அவன்தான் ஊருக்கே ஓடிக்கொண்டிருக்கிறானே. அதனால் அவரே ஒரு வழி செய்தார். இரண்டு வேளை மாத்திரை ஒருவேளை ஆனது. ஊசி ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. சோற்றைக் குறைத்துக்கொண்டார். பாவக்காய் சாறு குடித்தார். அதுவே போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஆலயம் அடைத்திருந்ததால் பின்பக்கத்துச் சிமெண்ட் தரையில் மாரியம்மன் படம் வைத்துச் சுற்றி வந்தார். ஒரு நாளைக்கு 21 சுற்று, வெறுங்காலில், உச்சி வெயிலில். குடும்பத்தில் யாருக்கும் நோய் வரக்கூடாது என்று வேண்டுதல். நீண்ட நாள் இனிப்பு நீர் இருந்தால் பாதத்தின் நரம்பு மரத்துப்போகும், சூடு தெரியாது. கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் கீழே கொப்புளம் வந்தது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைத்தார். சாக்ஸ் போட்டுக்கொண்டார். நான் கவனிக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கவனிக்கவில்லை.

மே மாதக் கடைசியில் வீட்டில் ஒரு வாடை வந்தது. அப்போதுதான் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன்.

மருத்துவமனையில் தாதி கேட்டார்: "மருந்து ஒழுங்கா எடுக்கிறாங்களா?" அம்மா வாயைத் திறப்பதற்கு முன் நான் சொன்னேன்: "எடுக்கிறாங்க." அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலை குனிந்த விதத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அம்மாவிடம் கேட்டேன், ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை என்று. "கஷ்டப்பட்டவங்களுக்குச் சாமான் தூக்கிக்கிட்டு இருந்தே. நடுவுல நான் வேறயா?" என்றார். தம்பி தங்கைகளே, அறுபது வீட்டுக்கு அரிசி கொடுத்தவன் நான். அடுத்த அறையில் எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

வினை என்று சொல்பவர்களுக்கு

அந்த நேரத்தில் சொந்தக்காரர் ஒருவர் போன் செய்து, "எல்லாம் வினைப்பா, அனுபவிச்சுத்தான் தீரணும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நாமும் இப்படிச் சொல்லிப் பழகியவர்கள்தாம். ஆனால் நம் நாயன்மார்கள் இந்த வார்த்தையை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள்.

திருஞானசம்பந்தர் கொடிமாடச்செங்குன்றூர் என்கிற இன்றைய திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது, கூட வந்த அடியார்களுக்கு நளிர்சுரம் கண்டது. குளிர்காய்ச்சல், கூட்டத்தில் பரவிய காய்ச்சல். "இது உங்கள் வினை, படுங்கள்" என்று சம்பந்தர் நகர்ந்து போகவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடினார். வினையைப் பற்றிப் பேசத் தெரிந்த நாம், அதிலிருந்து பிழைக்கிற வழியையும் தேட வேண்டாமா என்பதுதான் அந்தப் பதிகத்தின் தொடக்கத்திலேயே அவர் எழுப்புகிற கேள்வி. காய்ச்சல் நீங்கியது என்று பெரிய புராணம் சொல்கிறது.

வினைக் கொள்கை நம்மைக் கைகட்டி உட்கார வைப்பதற்காகச் சொல்லப்பட்டது இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு நோய் வந்தது அவர் வினை என்று வைத்துக்கொண்டாலும், அதைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்கிறேன் என்பது என் வினை. அந்தக் கணக்கு என் பெயரில் ஏறும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திருநீறும் பதிகமும் மாத்திரைக்குப் பதில் இல்லை. அம்மா இன்றும் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் ஊசி போடுகிறார். இரண்டையும் செய்கிறார். எதையும் மற்றதற்காக விடவில்லை.

நான்கு கேள்விகள்

அம்மா மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு மன்றத்தில் இதைச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. சொன்னதும் இன்னும் மூன்று பேர் தங்கள் வீட்டில் பார்த்துவிட்டு வந்து இதே கதையைச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து உணவுக்கூடை கொடுக்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துப் போனோம். நான்கு கேள்விகள். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? எத்தனை நாளைக்கு மீதி இருக்கிறது? அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் எப்போது? யார் கூட்டிப் போவார்கள்?

கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, மக்கள் எப்படியெல்லாம் சமாளித்துக்கொண்டிருந்தார்கள் என்று. ஒரு வீட்டில் தாத்தாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது. பாட்டியின் மாத்திரையும் அதே நிறம் என்று இருவரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். எடுத்துப் பார்த்தால் அது வேறு மாத்திரை. ஒரு அக்கா, ஊசி மருந்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் இருந்தார். பேருந்து ஓடாததால் கிளினிக்குக்கு ஏழு கிலோமீட்டர் நடந்து போய் வந்தவரும் உண்டு.

வழியே இல்லாமல் போய்விடவும் இல்லை. வழி இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. அரசாங்க மருந்தகங்களில் மருந்தைத் தபாலில் அனுப்பும் 'உபாட் மெலாலுயி போஸ்' சேவை இருக்கிறது. சில இடங்களில் காரில் இருந்தபடியே மருந்து வாங்கும் முகப்பு உண்டு. இவையெல்லாம் கோவிட்டுக்கு முன்பே இருந்தவை. ஆனால் மலாய்ப் பாரத்தை நிரப்ப வேண்டும், போன் செய்து பதிய வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பாட்டிக்கு அது பெரிய மலை. உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. நம் பிள்ளைகள் வீட்டு வாசலில் நின்றபடியே போனில் பதிந்து கொடுத்தார்கள். வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி வைத்திருந்தவர்களுக்கு அளவை ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். டாக்டர் போனில் கேட்டால் சொல்வதற்கு அந்தத் தாள் உதவியது.

இதற்கு எந்தப் படமும் எடுக்கவில்லை. மருந்துச் சீட்டைப் படம் எடுத்துப் போடக்கூடாது. அது அவர்கள் அந்தரங்கம்.

நந்தியின் கொம்பு

நோட்டில் எழுதியவர்களில் ஓர் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு. மற்ற அப்பாயிண்ட்மெண்ட்டைத் தள்ளிப்போடலாம், இதைப் போட முடியாது. உடம்பில் நீர் சேரும், பொட்டாசியம் ஏறும், இருதயம் நின்றுவிடலாம். அவரைக் கூட்டிப்போகும் வேன் ஓட்டுநர் தனிமைப்படுத்தப்பட்டுவிட்டார். நம் பிள்ளைகள் நான்கு பேர் முறை வைத்துக் காரில் கூட்டிப் போனார்கள். அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும்.

ஒரு நாள் சாலைத் தடுப்பில் நெரிசல், இருபது நிமிடம் தாமதம். அண்ணன் காரில் ஏறியதும் கத்தித் தீர்த்துவிட்டார். "ஒங்களுக்கு இது வெளையாட்டு. எனக்கு உசுருடா!" ஓட்டிப் போன தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. இனிமேல் போகமாட்டேன் என்றான். "உதவி செய்யப் போனா ஏச்சுதான் மிச்சம்" என்றான்.

அப்போதுதான் அவனுக்குத் திருவெண்பாக்கத்துக் கதையின் மீதியைச் சொன்னேன். சுந்தரர் கோலை வாங்கியதும் நன்றி சொல்லிவிட்டுப் போனார் என்றா நினைக்கிறீர்கள்? கேட்டது கண், கிடைத்தது குச்சி. கோபம் வந்துவிட்டது. அந்தக் கோலை வீசியெறிந்தார் என்றும், அது நந்தியின் மேல் பட்டுக் கொம்பு ஒடிந்தது என்றும் அந்தத் தலத்து வரலாறு சொல்லும். இன்றும் அங்கே நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்துதான் இருக்கிறது.

அந்தக் கோபத்துக்காக இறைவன் சுந்தரரைக் கைவிட்டாரா? இல்லையே. காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் ஒரு கண். அடிபட்ட நந்தி எழுந்து போய்விட்டதா? அதே இடத்தில், அதே சாமியைப் பார்த்தபடி இருக்கிறது.

அந்தத் தம்பியிடம் சொன்னேன்: அண்ணன் உன்னைத் திட்டவில்லை. ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீரைப் போத்தலில் அளந்து அளந்து குடிக்கிறவர் அவர். இன்றைக்கு வண்டி வருமா வராதா என்று விடிகாலையில் வாசலில் நின்று பயந்துகொண்டே இருப்பவர். அந்தப் பயம் யார்மேலாவது விழத்தான் செய்யும். இன்று உன்மேல் விழுந்தது. கொம்பு ஒடிந்தாலும் நந்தி அங்கேயே இருக்கட்டும்.

மறுமுறை அவன்தான் போனான். பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றான். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

நோயாளிகளுக்குத் தொண்டு செய்பவர்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். தீராத நோயோடு இருப்பவர்கள் நமக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. கோல், தன்னைப் பிடித்திருப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை. பாரத்தைத் தாங்குகிறது.

இன்றிரவு செய்ய வேண்டியது

இப்போது எல்லாம் திறந்துவிட்டது. முகக்கவரியையும் கழற்றிவிட்டோம். ஆனால் அன்று தவறிய பரிசோதனைகளின் விளைவு இன்னும் சிலர் கண்ணிலும் காலிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. அடுத்து வெள்ளம் வரலாம், வேறு தொற்று வரலாம், அல்லது வீட்டில் கார் பழுதாகிப் போகலாம். கதவு அடைபடுவதற்கு உலகப் பெருந்தொற்றுதான் வர வேண்டும் என்பதில்லை.

கண் கொடுக்கும் வேலை இறைவனுடையது, டாக்டருடையது. அதற்கு நம்மிடம் படிப்பும் இல்லை, சக்தியும் இல்லை. கோல் கொடுக்கும் வேலை நம்முடையது. அதற்குப் பெரிய பணம் வேண்டாம். கேட்கிற காதும், ஒரு நோட்டும், விடிகாலையில் எழுகிற உடம்பும் போதும்.

ஆகவே இன்று பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும், முதலில் உங்கள் வீட்டு மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். அம்மாவுடையது, அப்பாவுடையது, தாத்தா பாட்டியுடையது. மாத்திரையை எண்ணுங்கள். அப்பாயிண்ட்மெண்ட் அட்டையில் தேதியைப் பார்த்து உங்கள் போனில் பதியுங்கள். இனிப்பு நீர் இருந்தால் பாதத்தைத் தூக்கிப் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. கூச்சப்பட வேண்டாம், பெற்றவர்கள் பாதம்தானே. அது முடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்குப் போங்கள். நான் வரிசை மாற்றிச் செய்தவன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

பேச்சு முடிந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். இரண்டு விரல் இல்லாததால் நடக்கும்போது கொஞ்சம் சாயும், கையில் கோல் வைத்திருக்கிறார். படி இறங்கும்போது மட்டும் அதை என்னிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொள்வார்.

திருச்சிற்றம்பலம்.